கீழ்ப்படிய மறுத்த கை: 'பான்ஸ் லாபிரிந்த்' திரைப்படத்தில் குறியீடும் அறத்தேர்வும்

திரைப்படக் குறியீடுகளை ஆராயும் தமிழ்க் கட்டுரைகளில் ஒரு முறை பழகிப்போய்விட்டது. படத்தில் தோன்றும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, இன்னது இன்னதைக் குறிக்கும் என்று வரிசைப்படுத்தி முடித்துவிடுவது அம்முறை. சாவி அறிவைக் குறிக்கும், கத்தி வன்முறையைக் குறிக்கும், மரம் வாழ்வைக் குறிக்கும் என்ற அளவில் ஆய்வு நின்றுவிடுகிறது. நிகண்டு தொகுப்பதற்கு இம்முறை பொருந்தலாம். ஒரு படைப்பைப் படிப்பதற்குப் போதாது. ஒரே சாவி ஒரு கையில் அதிகாரமாகவும் மற்றொரு கையில் விடுதலையாகவும் மாறும் படம் ஒன்று கிடைக்குமானால் இம்முறையின் குறை வெளிப்பட்டுவிடும். கியர்மோ டெல் டோரோ இயக்கி 2006-இல் வெளிவந்த 'பான்ஸ் லாபிரிந்த்' அத்தகைய படம்.

மெக்சிகோவைச் சேர்ந்த இயக்குநரின் இந்த ஸ்பானிய மொழிப்படம் 2006-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் முதன்முதலில் திரையிடப்பட்டது. ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஒப்பனை ஆகிய மூன்றுக்கும் ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. ஸ்பானிய மூலத்தில் இதன் பெயர் 'ஃபவுனின் புதிர்ப்பாதை' என்று பொருள்படும். கிரேக்கத் தொன்மத்தின் பான் என்னும் தெய்வம் படத்தில் இல்லை. ஆட்டுக்காலும் கொம்பும் உடைய ஃபவுன் என்னும் காட்டுயிரே உள்ளது. ஆங்கிலத் தலைப்பு வணிக வசதிக்காக வைக்கப்பட்டது. அதனைக் கொண்டு பான் வழிபாடு பற்றி விரித்தெழுதும் கட்டுரைகள் படத்தைவிட்டு விலகிச் செல்கின்றன.

கதை நிகழும் காலம் 1944. ஸ்பானிய உள்நாட்டுப் போர் 1939 ஏப்ரலில் முடிந்து, பிராங்கோவின் ஆட்சி நிலைபெற்றுவிட்டது. தோற்ற குடியரசுத் தரப்பின் எச்சமாகச் சில குழுக்கள் மலைக்காடுகளில் கரந்தடிப் போரைத் தொடர்கின்றன. அவர்களை ஒழிப்பதற்காக ஒரு பழைய மாவு ஆலையில் படையுடன் தங்கியிருக்கும் கேப்டன் விடாலிடம், அவனை மறுமணம் செய்துகொண்ட கர்ப்பிணியான கார்மெனும், அவளுடைய முதல் கணவருக்குப் பிறந்த சிறுமி ஒஃபேலியாவும் வந்து சேர்கின்றனர். ஆலையை ஒட்டிய பழங்காலப் புதிர்ப்பாதையின் நடுக்கிணற்றில் ஒஃபேலியா ஃபவுனைச் சந்திக்கிறாள். அவள் உண்மையில் கீழுலக அரசனின் மகள் மோவான்னா என்றும், முழுநிலவு வருவதற்குள் மூன்று பணிகளை முடித்தால் தன் உலகுக்குத் திரும்பலாம் என்றும் ஃபவுன் கூறுகிறது.

இப்படத்தைப் பற்றிய விவாதங்களில் பெரும்பகுதி ஒரே வினாவைச் சுற்றி நிகழ்கிறது: ஃபவுனும் கீழுலகும் உண்மையா, அல்லது கொடுமையைத் தாங்க இயலாத சிறுமியின் கற்பனையா? இறுதிக் காட்சியில் விடாலின் பார்வையில் காட்டப்படும்போது ஒஃபேலியா வெற்றிடத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள், ஃபவுன் அங்கில்லை. இது கற்பனை என்போரின் சான்று. பூட்டிய அறையிலிருந்து சுண்ணக்கட்டியால் வரைந்த கதவின் வழியே அவள் வெளியேறியது எவ்வாறு என்பது மறுதரப்பின் வினா. மாயம் மெய்யானதே என்று இயக்குநர் பலமுறை கூறியிருக்கிறார். எனினும் இந்த வினாவுக்கு எவ்விடை சொன்னாலும் படத்தின் அறச்சிக்கல் தீர்வதில்லை. கற்பனை என்றே கொண்டாலும் அந்தக் கற்பனை சிறுமிக்கு ஆறுதல் தரவில்லை. அது அவளுக்குக் கட்டளையிடுகிறது, மிரட்டுகிறது, தண்டிக்கிறது. ஆலைக்குள் ஒரு கேப்டன் இருப்பதுபோல், கிணற்றுக்குள்ளும் ஒரு கட்டளையிடுவோன் இருக்கிறான். கொடுமையிலிருந்து தப்பியோடும் புகலிடம் என்று மாயவுலகை விளக்குவோர் இதனைக் கணக்கில் கொள்வதில்லை. யாருக்குக் கீழ்ப்படிவது, எங்கே மறுப்பது என்பதே இப்படத்தின் வினா. அதன் குறியீடுகள் அனைத்தும் இந்த வினாவின்மேல் கட்டப்பட்டவை.

தமிழ்ப் பொருளிலக்கணம் இங்கு உதவக்கூடியது. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு உள்ளுறை தோன்றும் என்பது தொல்காப்பியக் கோட்பாடு. உள்ளுறையில் விலங்கோ மரமோ தனித்துநின்று பொருள் தருவதில்லை. அந்நிலத்தில் அது என்ன செய்கிறது, எதனோடு எவ்வுறவில் நிற்கிறது என்பதிலிருந்தே தலைமக்களின் செயல் உணர்த்தப்படுகிறது. சொல்லப்பட்ட நிகழ்வு முழுமையாக நிற்க, சொல்லப்படாத நிகழ்வு அதன் அடியில் ஓடுகிறது. அயல்நாட்டுப் படமொன்றின்மீது இக்கோட்பாட்டை வலிந்து ஏற்ற வேண்டியதில்லை. குறியீட்டைப் பெயராகக் கொள்ளாமல் வினையாகக் கொள்ளும் பயிற்சியை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டால் போதுமானது.

முதற்பணியை இவ்வாறு பார்க்கலாம். காட்டில் ஒரு முதிய அத்தி மரம் பட்டுக்கொண்டிருக்கிறது. அதன் வேரடியில் குடிபுகுந்த பெருந்தேரை ஒன்று அங்குள்ள உயிர்களைத் தின்று கொழுத்து, மரத்தைச் சாகடிக்கிறது. ஒஃபேலியா சேற்றில் தவழ்ந்து சென்று, மூன்று மந்திரக் கற்களைத் தேரையை விழுங்கச் செய்து, அதன் வயிற்றிலிருந்த சாவியை மீட்கிறாள். தேரை பிராங்கோ ஆட்சி, மரம் ஸ்பெயின் என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அப்பணி முடியும் அதே இரவில் ஆலையில் நடைபெறும் விருந்தையும் சேர்த்துப் பார்க்கும்போதே காட்சியின் உட்பொருள் முழுமை பெறுகிறது. ஊர்மக்களுக்கு இனிக் குடும்பத்துக்கு ஒரு பங்கீட்டு அட்டைதான் என்று விடால் அறிவிக்கும் மேசையில் பாதிரியாரும் அதிகாரிகளும் நிறைய உண்கின்றனர். கடவுள் போராளிகளின் ஆன்மாவைக் கவனித்துக்கொண்டார், உடலுக்கு என்ன நேர்ந்தாலென்ன என்ற பொருளில் பாதிரியார் பேசுவது இம்மேசையில்தான். அவ்வேளையில் ஒஃபேலியா தாய் தைத்துக் கொடுத்த புதிய உடையைச் சேறாக்கிக்கொண்டு திரும்புகிறாள். அன்றிரவு உணவில்லாமல் படுக்க அனுப்பப்படுகிறாள். மரத்தைக் காப்பாற்றியவள் பட்டினி கிடக்கிறாள்.

சாவியும் கத்தியும் இரண்டு தளங்களிலும் வருகின்றன. தேரையின் வயிற்றிலிருந்து வரும் சாவி ஒன்று. உணவும் மருந்தும் பூட்டப்பட்ட ஆலைக் கிடங்கின் சாவி மற்றொன்று. கிடங்குச் சாவி ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று கருதி விடால் அதனை வீட்டுப் பணிப்பெண் மெர்சிடிசிடமிருந்து வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்கிறான். அவளிடம் மறுசாவி உண்டு என்பதை அவன் அறியான். பூட்டு உடைக்கப்படாமல் கிடங்கு திறக்கப்பட்டபோதுதான் போராளிகளின் தொடர்பு வீட்டுக்குள்ளேயே இருப்பதை உணர்கிறான். கத்தியும் அவ்வாறே. இரண்டாம் பணியில் ஒஃபேலியா பெறும் குறுவாள் மூன்றாம் பணியில் குழந்தையின் குருதிக்காக நீட்டப்படுகிறது. மெர்சிடிஸ் காய்கறி நறுக்கிவிட்டு இடுப்புத்துணியின் மடிப்பில் செருகிவைக்கும் சிறுகத்தி அவளைச் சித்திரவதையிலிருந்து காக்கிறது. 'வெறும் பெண்தானே' என்று காவலனை வெளியே அனுப்பிவிட்டு விடால் கருவிகளை எடுத்து வைக்கும் நேரத்தில் அவள் கட்டை அறுத்துக்கொள்கிறாள். அவன் தன்னை ஒருபோதும் கண்டுகொள்ளாததே தனக்கு வாய்ப்பாயிற்று என்று அவள் சொல்வது அக்காட்சியின் உயிர். பணிப்பெண்ணின் கை என்ன செய்கிறது என்று எசமானர்கள் பார்ப்பதில்லை.

கைகள் இப்படத்தில் தொடக்கத்திலிருந்தே கவனத்துக்குரியவை. ஆலைக்கு வந்திறங்கிய ஒஃபேலியா, புத்தகங்களை மார்போடு அணைத்தபடி, விடாலுக்கு இடக்கையை நீட்டுகிறாள். அவன் அதனை இறுகப் பற்றி, கொடுக்க வேண்டியது மற்றக் கை என்று திருத்துகிறான். தமிழ் வாசகருக்கு இக்காட்சியின் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை. வந்தவர்கள் பதினைந்து நிமிடம் தாமதம் என்று கடிகாரத்தைப் பார்த்தபடி அவன் முணுமுணுத்ததற்குச் சற்றுப் பின் இது நிகழ்கிறது. தவறான நேரம், தவறான கை: ஒழுங்கு என்பது இவ்வீட்டில் என்னவென்று இரண்டு நிமிடத்துக்குள் தெரிந்துவிடுகிறது. பின்னர் வரும் வெளிறிய மனிதன் என்னும் அரக்கனுக்குக் கண்கள் உள்ளங்கையில் பொருந்துகின்றன. அவன் பார்ப்பதும் பற்றுவதும் ஒரே உறுப்பால். பிடிப்பதற்கு அப்பால் பார்வைக்கு வேறு பயன் இல்லாத உயிர் அது.

வெளிறிய மனிதனின் கூடக்காட்சி இப்படத்தில் மிகுதியாகப் பேசப்பட்டது; எனினும் மிகுதியாகத் தவறாகவும் படிக்கப்பட்டது. ஃபவுன் தந்த சுண்ணக்கட்டியால் சுவரில் கதவு வரைந்து ஒஃபேலியா உள்ளே செல்கிறாள். மணற்கடிகாரத்தில் மணல் விழுந்துகொண்டிருக்கிறது. நீண்ட மேசை நிறைய உணவு. தலைமாட்டில் அரக்கன் அசைவின்றி அமர்ந்திருக்கிறான். பின்னால் கணப்பு எரிகிறது. விடாலின் விருந்து மேசையும் இதே அமைப்பில் படமாக்கப்பட்டிருந்ததைக் கவனமுள்ள பார்வையாளர் நினைவுகூர்வார். சுவரோவியங்களில் அவன் குழந்தைகளைத் தின்கிறான். மூலையில் சிறுவர் காலணிகள் குவிந்து கிடக்கின்றன. 1944 என்னும் ஆண்டை மனத்தில் கொண்டு அக்காலணிக் குவியலைக் காண்பவருக்கு ஐரோப்பாவின் வதைமுகாம்கள் நினைவுக்கு வராமல் இரா. அவன் தேவதைகளின் தலையைக் கடித்துத் தின்னும் காட்சி கோயாவின் சனி ஓவியத்தை நினைவூட்டுகிறது.

எதையும் உண்ணக்கூடாது என்பது ஃபவுனின் கட்டளை. ஒஃபேலியா இரண்டு திராட்சைப் பழங்களை உண்கிறாள். அரக்கன் விழிக்கிறான், உடன்வந்த மூன்று குட்டித்தேவதைகளுள் இரண்டு மடிகின்றன. எச்சரிக்கப்பட்ட பிறகும் அவள் உண்டது திரைக்கதையின் பலவீனம் என்று பலர் கருதுகின்றனர். கீழ்ப்படியாமையைப் போற்றும் படம் என்று எளிதாகக் கூறிவிடுவோருக்கும் இக்காட்சி இடையூறாக நிற்கிறது. இங்குக் கீழ்ப்படியாமை உயிர்களைப் பலிகொள்கிறது.

ஆனால் அக்கூடத்தில் அவள் மீறுவது ஒருமுறையன்று, இருமுறை. உண்பதற்கு முன், சுவரிலுள்ள மூன்று சிறு கதவுகளுள் எதனைத் திறப்பது என்று தேவதைகள் வழிகாட்டுகின்றன. அவள் அதனை ஏற்காமல் வேறொரு கதவில் சாவியை நுழைக்கிறாள். அதுவே சரியான கதவாக அமைகிறது. அடுத்த சில நொடிகளில் உண்ணாதே என்ற விலக்கையும் மீறுகிறாள். அது பேரிழப்பில் முடிகிறது. ஒரே அறையில், ஒரே சிறுமியின் இரண்டு மீறல்களை அடுத்தடுத்து வைத்து, முதலாவது தன் அறிவை நம்பியதால் விளைந்தது, இரண்டாவது பசியால் விளைந்தது என்று படம் பிரித்துக் காட்டுகிறது. மீறல் என்பதாலேயே ஒரு செயல் உயர்ந்ததாகிவிடாது. எதனை முன்னிட்டு மீறுகிறோம் என்பதை இறுதிப்பணி கேட்கும். அதற்கான முன்னோட்டம் இங்கே அமைகிறது.

அவ்வளவோடு நின்றுவிட்டாலும் பொருந்தாது. பசி இங்கு எளிய குற்றமா என்ற கேள்வி எஞ்சுகிறது. தண்டனையாக உணவு மறுக்கப்பட்ட குழந்தை அவள். பங்கீட்டு அட்டையால் ஊரே பட்டினி கிடக்கும் நாடு அது. ஸ்பெயினில் உணவுப் பங்கீடு 1952 வரை நீடித்தது. நிறைந்த மேசையின் முன் நின்றுகொண்டு தொடாதே என்று சொல்லும் குரல் ஃபவுனுடையது மட்டுமன்று; அது ஆட்சியின் குரலும் ஆகும். இரண்டு திராட்சைப் பழங்களுக்கு மரண தண்டனை விதிக்கும் கூடமும், முயல் பிடிக்கச் சென்ற ஏழைத் தந்தையையும் மகனையும் போராளிகள் என்று ஐயுற்று, மகனின் முகத்தைப் புட்டியால் சிதைத்து, இருவரையும் கொன்ற பின்பே அவர்கள் பையில் முயலைக் காணும் விடாலின் நீதியும் ஒரே தன்மையன. திரைக்கதை இங்குச் சறுக்கவில்லை. பார்வையாளரைத் தீர்ப்புச் சொல்ல இயலாத இடத்தில் நிறுத்துகிறது. படம் முழுவதிலும் இத்தகைய தயக்கம் ஏற்படும் இடம் இது ஒன்றே என்பதும் ஒப்புக்கொள்ளத்தக்கது. விடாலின் வார்ப்பில் அந்த இருமை இல்லை. செர்ஜி லோபெஸின் நடிப்பு அவனை அச்சுறுத்துபவனாக நிறுத்தினாலும், எழுத்தளவில் அவன் தேவதைக் கதையின் ஓநாயாகவே நின்றுவிடுகிறான்.

கீழ்ப்படிதல் பற்றிய வினா வெளிப்படையாகக் கேட்கப்படுவது மருத்துவர் ஃபெரெய்ரோவின் காட்சியில். பிடிபட்ட திக்குவாய்ப் போராளியிடம், மூன்றுவரை திக்காமல் எண்ணிவிட்டால் விடுவிப்பதாக விடால் கூறுகிறான். ஒன்றும் இரண்டும் வந்துவிடுகின்றன. மூன்றில் நா குழறுகிறது. தேவதைக் கதைகளின் புனித எண்ணான மூன்று இங்கு வதைக்கருவியாகிறது. மறுநாள் உருக்குலைந்து கிடக்கும் அவனுக்கு, அவனே வேண்டியபடி, மருத்துவர் ஊசிமூலம் சாவைத் தருகிறார். கட்டளைப்படி அவனைப் பேசவைக்காமல் ஏன் இவ்வாறு செய்தாய் என்று விடால் உண்மையாகவே புரியாமல் கேட்கிறான். கேள்வியின்றி, கீழ்ப்படிதலுக்காகவே கீழ்ப்படிவது உங்களைப் போன்றவர்களுக்கே கைவரும் என்ற பொருளில் மருத்துவர் விடையளித்து, திரும்பி மழையில் நடக்கிறார், முதுகில் சுடப்படுகிறார். அவர் வீரரல்லர். படத்தின் முற்பகுதி முழுவதும் அஞ்சி நடுங்கியவர். ஒருமுறை மறுத்தார், அவ்வளவே.

இக்காட்சிக்குப் பின், கார்மென் பிரசவத்தில் இறந்துபோன பின், ஃபவுன் மீண்டும் வருகிறது. திராட்சைக் குற்றத்துக்காக ஒஃபேலியாவைக் கைவிட்டுச் சென்றிருந்த ஃபவுன் இறுதி வாய்ப்பொன்று தருவதாகக் கூறி விதிக்கும் நிபந்தனை யாது? தான் சொல்வதை எக்கேள்வியும் கேட்காமல் செய்ய வேண்டும். மருத்துவர் உயிரைக் கொடுத்து மறுத்த அதே சொல் இப்போது மாயவுலகின் வாயிலிருந்து வருகிறது. தாயை இழந்த, பூட்டிய அறைக்குள் கிடக்கும் குழந்தை சரி என்கிறாள். படத்தின் அமைப்பு முழுவதும் இவ்விரு வசனங்களுக்கு இடையே உள்ள தொடர்பின்மேல் நிற்கிறது. இதனைக் காணாமல் ஆலை கொடியது, புதிர்ப்பாதை நல்லது என்று பிரிக்கும் விளக்கங்கள் படத்தைப் பாதியாக வெட்டிவிடுகின்றன. ஃபவுனின் தோற்றத்திலும் படிப்படியாக மாற்றம் உண்டு. முதலில் கண் மங்கி, உடல் தளர்ந்து தோன்றும் அது ஒவ்வொரு வருகையிலும் இளமையும் வலிமையும் பெறுகிறது. அது உதவியாளனா ஏய்ப்பவனா என்ற ஐயம் தீர்க்கப்படாமலே வளர்கிறது. ஃபவுனாகவும் வெளிறிய மனிதனாகவும் நடித்தவர் டக் ஜோன்ஸ் ஒருவரே என்ற செய்தி இங்குப் பொருளற்றதன்று.

மூன்றாம் பணியில் ஒஃபேலியா பிறந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு புதிர்ப்பாதைக்குள் ஓடுகிறாள். மாசற்ற உயிரின் சில துளிக் குருதி சிந்தினால் வாயில் திறக்கும், குழந்தையைக் கொடு என்கிறது ஃபவுன். அவள் மறுக்கிறாள். அரியணையை இழப்பாய் என்று மிரட்டியும் மறுக்கிறாள். சில துளிதான் என்ற சொல் அவளை அசைக்கவில்லை. பெரியபுராணம் பயின்றவருக்கு இவ்விடத்தில் சிறுத்தொண்டர் வரலாறு நினைவுக்கு வருவது இயல்பு. வைரவக் கோலத்தில் வந்த இறைவன் பிள்ளைக்கறி கேட்க, பெற்றோர் சீராளனைத் தம் கையாலேயே அரிந்து சமைக்கின்றனர். பின்னர்ப் பிள்ளை உயிரோடு ஓடிவருகிறான், அனைவரும் முத்தி பெறுகின்றனர். ஆபிரகாம் கதையிலும் இதே அமைப்பு. கேட்டவர் இறைவன் என்பதால் கொடுப்பதே தேர்வில் வெற்றி. டெல் டோரோவின் படம் அதே சட்டகத்தை எடுத்துக்கொண்டு விடையை மாற்றிவைக்கிறது. கொடுக்க மறுப்பதே இங்குத் தேர்வில் வெற்றி. இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவது ஆய்வாகாது. சிறுத்தொண்டர் கொடுப்பது தம் உயிரினும் இனிய ஒன்றை; கைம்மாறு அவர் நோக்கமன்று. ஒஃபேலியாவிடம் கேட்கப்படுவதோ அவளுடைய பேற்றுக்காக வேறொருவன் உடலிலிருந்து எடுக்கப்படும் விலை. அவ்விலையைப் பிறர் கொடுக்க வைக்கும் உரிமை தனக்கில்லை என்பதே அவளுடைய மறுப்பின் சாரம். விடால் வந்து குழந்தையைப் பறித்துக்கொண்டு அவளைச் சுடுகிறான். கிணற்றுக் கல்லில் விழும் குருதி அவளுடையதாகிறது.

விடாலின் சாவு இதனோடு இணைத்துக் காணத்தக்கது. அவன் தந்தை மொராக்கோப் போர்க்களத்தில் இறக்குமுன் தன் கடிகாரத்தைக் கல்லில் அடித்து உடைத்தாராம். வீரன் எவ்வாறு சாகிறான் என்பதை மகன் அறிய, இறந்த நேரம் அதில் உறைந்து நிற்க வேண்டும் என்பதற்காக. விருந்தில் ஒருவர் இதனைக் கூறும்போது விடால் மறுத்துவிடுகிறான். ஆனால் அந்தக் கடிகாரத்தை நாள்தோறும் துடைத்துத் திருத்திக்கொண்டிருப்பவனும் அவனே. அவன் தங்கும் அறையே ஆலையின் பெரும் பற்சக்கரங்களுக்கு நடுவில், கடிகாரத்தின் உட்புறம்போல் அமைந்துள்ளது. சவரம் செய்யும்போது கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தின் கழுத்தில் கத்தியை இழுப்பவன் அவன். இறுதியில் போராளிகளால் சூழப்பட்டு, குழந்தையை மெர்சிடிசிடம் கொடுத்துவிட்டு, கடிகாரத்தை நிறுத்தி, தந்தை இறந்த நேரத்தை மகனிடம் சொல்லுமாறு கேட்கத் தொடங்குகிறான். மெர்சிடிஸ் இடைமறிக்கிறாள்: இவனுக்கு உன் பெயர்கூடத் தெரியாது. சுடப்படுவதற்கு முன்பே அவன் அச்சொல்லால் வீழ்ந்துவிடுவதை லோபெஸின் முகம் காட்டுகிறது. தந்தை வழி மகனுக்குக் கடத்தப்பட்டு வந்த கீழ்ப்படிதலின் சங்கிலி ஒரு பணிப்பெண்ணின் மறுப்பில் அறுகிறது.

இவ்வளவு கூறியபின் படத்தின் ஒரு முரணையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உயிர் பிரியும் ஒஃபேலியா பொன்னொளி நிறைந்த அவையில் சிவப்புக் காலணியுடன் எழுகிறாள். உயர்ந்த மூன்று இருக்கைகள். அரசனாகத் தந்தை, அரசியாகத் தாய், மூன்றாவது அவளுக்காகக் காத்திருக்கிறது. பிறர் குருதியைச் சிந்தாமல் தன் குருதியைச் சிந்தியதே இறுதித் தேர்வு என்று அரசன் அறிவிக்க, ஃபவுன் மகிழ்ந்து வணங்குகிறது. குடியரசுக்காகப் போரிட்டோரின் பக்கம் நின்று கதை சொன்ன படம், முடிவில் ஒரு முடியாட்சியை வீடுபேறாகக் காட்டுகிறது. கட்டளையை மறுத்த சிறுமிக்குக் கிடைத்த பரிசு, மறுப்பும் ஒரு கட்டளையின் பகுதியே என்று தந்தையரசன் தரும் சான்றிதழ். 1947-இல் பிராங்கோ சட்டமியற்றி ஸ்பெயினை மன்னரில்லா முடியாட்சி என அறிவித்த வரலாற்றை அறிந்தவருக்கு இவ்வரியணை உறுத்தாமல் இராது. தேவதைக் கதை என்னும் வடிவமே அரசகுமாரியின்றி முடியாது என்று இதற்கு அமைதி கூறலாம். அந்த அமைதி முழுமையாக நிறைவளிக்கவில்லை. மறுப்பின் பெருமை அது முன்கூட்டித் திட்டமிடப்பட்ட தேர்வன்று என்பதில்தான் இருந்தது. அரசனின் விளக்கம் அதனைச் சற்றே குறைத்துவிடுகிறது.

ஆயினும் படம் அவ்வவையில் முடியவில்லை. பொன்னவையிலிருந்து காட்சி மீண்டும் கிணற்றின் விளிம்புக்கு, நீலம் படர்ந்த இரவுக்குத் திரும்புகிறது. நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய செய்தியைப் போராளிகள் நம்பிக்கையுடன் வாசிக்கும் காட்சி முன்பு வந்தது. அந்த நம்பிக்கை பொய்த்ததை வரலாறு அறியும். 1944 அக்டோபரில் ஆரன் பள்ளத்தாக்கு வழியே நுழைந்த கெரில்லாக்கள் சில நாள்களிலேயே பின்வாங்கினர். நேச நாடுகள் பிராங்கோவை அகற்ற வரவில்லை. அவர் ஆட்சி 1975-இல் அவர் இறக்கும்வரை நீடித்தது. ஆலையில் அன்றிரவு வென்ற மெர்சிடிசும் பெட்ரோவும் அடுத்த சில ஆண்டுகளில் என்னவாகியிருப்பர் என்பதைப் படம் சொல்லாமலே ஸ்பானியப் பார்வையாளர் அறிவர்.

கீழுலகம் என்ற சொல்லும் ஸ்பெயினில் வெறுங்கதையாக ஒலிப்பதில்லை. பிராங்கோ இறந்தபின், 1977-இன் பொதுமன்னிப்புச் சட்டத்தோடு, பழையதைத் தோண்டாமல் விடுவது என்ற மௌன உடன்பாடு அந்நாட்டில் நிலவியது. 2000-இல் பிரியரான்சா டெல் பியெர்சோ என்னும் ஊரின் சாலையோரத்தில், 1936-இல் சுடப்பட்ட பதின்மூன்று பேரின் எலும்புகள் அறிவியல் முறைப்படி தோண்டியெடுக்கப்பட்டன. அதன்பின் நாடெங்கும் புதைகுழிகள் திறக்கப்படலாயின. படம் வெளிவந்த 2006-ஆம் ஆண்டு வரலாற்று நினைவு ஆண்டாக அங்கு அறிவிக்கப்பட்டிருந்தது. வரலாற்று நினைவுச் சட்டம் மறு ஆண்டில் நிறைவேறியது. மண்ணுக்கடியில் ஒரு நாடு இருக்கிறது, அங்கிருந்து வந்த ஒருத்தி தன் பெயரை மறந்துவிட்டாள் என்று தொடங்கும் கதையை அந்த ஆண்டில் கேட்டவர்கள் எவ்வாறு கேட்டிருப்பர் என்பது எண்ணத்தக்கது. விடாலின் பெயரை மகனுக்குச் சொல்ல மறுத்த படம், மோவான்னா என்ற பெயரை மட்டும் மண்ணுக்கடியிலிருந்து மீட்டுக் கொடுக்கிறது.

ஒருமுறை ஒஃபேலியா தாலாட்டுப் பாடக் கேட்டபோது, மெட்டு நினைவிருக்கிறது, சொற்கள் மறந்துவிட்டன என்று மெர்சிடிஸ் கூறி, சொல்லின்றி முனகினாள். இறந்துகொண்டிருக்கும் சிறுமியின் அருகில் மண்டியிட்டு அவள் அதே மெட்டை மீண்டும் முனகுகிறாள். படத்தின் முதல் காட்சியில், இருளில், ஒஃபேலியாவின் மூச்சோடு சேர்ந்து கேட்டதும் அந்த மெட்டே. அப்போது அது தாலாட்டு என்றே தோன்றியது. இப்போது கேட்கும்போது அது ஒப்பாரியாக இருக்கிறது. பட்டுப்போன அத்தி மரத்தின் கிளையில் ஒரு வெண்பூ விரிகிறது. அருகில் ஒரு குச்சிப்பூச்சி அமர்ந்திருக்கிறது.